பட்ட மரக் காட்டில் கிராப்பி: லேக் ஃபோர்க் நீர்த்தேக்கத்தில் ஒரு ஜனவரி நாள் குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்குக் கிழக்கே காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் லேக் ஃபோர்க் நீர்த்தேக்கம் இருக்கிறது. சபீன் ஆற்றில் சேரும் லேக் ஃபோர்க் கிரீக் என்ற ஓடையின் குறுக்கே சபீன் ஆற்று ஆணையம் கட்டிய அணையில் 1980ஆம் ஆண்டு நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். 1985ஆம் ஆண்டின் கடைசியில்தான் நீர்மட்டம் முழு அளவை எட்டியது. அதன் பரப்பு 27,000 ஏக்கருக்கும் மேல். மிக ஆழமான இடம் சுமார் 70 அடி. நீர் ஏறுவதற்கு முன் காட்டை முழுவதும் அழிக்காமல், படகுகள் செல்லும் தடங்களை வெட்டிவிட்டு, பெரும்பகுதி மரங்களை நின்ற நிலையிலேயே மூழ்கவிட்டார்கள். மீன்வளத்தை மனத்தில் வைத்து எடுக்கப்பட்ட அந்த முடிவின் பயனை 40 ஆண்டுகளுக்குப் பிறகும் தூண்டில்காரர்கள் அனுபவித்து வருகிறார்கள்.

இந்த நீர்த்தேக்கத்தின் பெயர் பெரும்பாலும் பெருவாய் பாஸ் மீனோடு சேர்த்தே பேசப்படும். டெக்சாஸின் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு பாஸ் 1992 ஜனவரியில் இங்கேதான் பிடிபட்டது. ஆனால் அதைப் பிடித்த பேரி செயின்ட் கிளேர் அன்று பாஸுக்காகத் தூண்டில் போடவில்லை; உயிருள்ள மின்னோவை (இரையாகக் கோக்கும் சிறுமீன்) இறக்கி, கிராப்பி என்ற நன்னீர் மீனுக்காகக் காத்திருந்தார். குளிர்காலத்தில் இங்குள்ள ஆழமான மரங்களைச் சுற்றி எவ்வளவு உயிர் கூடுகிறது என்பதை அந்த ஒரு நிகழ்ச்சியே காட்டுகிறது.

இந்த ஆய்வு எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி குறுகியது. இதற்கு முன் ஒருமுறைகூட இறங்கியிராத ஒரு நீர்த்தேக்கத்தில், கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் பட்ட மரங்கள் நிற்கும்போது, கிராப்பி இருக்கக்கூடிய மரத்தை ஒரே நாளில் எப்படிக் கண்டுபிடிப்பது? மரமே இல்லாத ஏரியில் நான்கு பட்ட மரங்கள் நின்றால் கேள்வியே எழாது. மீன் அங்கேதான் இருக்கும். லேக் ஃபோர்க்கில் மறைவிடத்துக்குப் பஞ்சமில்லை என்பதே சிக்கல். எல்லா மரமும் மறைவிடமாக இருக்கும் இடத்தில், ஒரு மரத்தை இன்னொரு மரத்திலிருந்து பிரித்துக் காட்டுவது மரமாக இருக்க முடியாது. அதற்கு அடியில் உள்ள நிலம்தான் அந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அன்று நாங்கள் எடுத்த முடிவுகள் அனைத்தும் இந்த ஒரு எண்ணத்திலிருந்து புறப்பட்டவை.

படகில் நானும் என் அக்கா மகனும் இருந்தோம். குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது; வானம் தெளிவாகவும், வடக்கிலிருந்து காற்று மெல்லியதாகவும், மேல்நீரின் வெப்பம் 49 பாரன்ஹீட் பாகையாகவும் இருந்தன. சோனார் என்பது ஒலியலைகளால் நீருக்கடியில் உள்ளதைத் திரையில் காட்டும் கருவி; முன்னோக்கிப் பார்க்கும் நேரலைச் சோனார் எங்களிடம் இல்லை. படகுக்கு நேர் கீழே காட்டும் சாதாரணச் சோனார், ஆழக்கோடுகள் பதிந்த மின்வரைபடம், ஜிபிஎஸ் உதவியால் படகை ஒரே இடத்தில் நிறுத்தும் டிரோலிங் மோட்டார் ஆகியவையே கருவிகள்.

வரைபடத்தை வீட்டிலேயே விரித்துப் பார்த்துவிட்டோம். லேக் ஃபோர்க் அணைக்கு மேலே இரண்டு பெரிய கைகளாகப் பிரிகிறது. ஒன்று மேற்கே பழைய லேக் ஃபோர்க் ஓடையைத் தொடர்கிறது, மற்றொன்று கிழக்கே கேனி ஓடையைத் தொடர்கிறது. நீருக்கு அடியில் அந்த ஓடைகளின் பழைய பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆழக்கோடுகள் நெருங்கி ஓடும் இடம் சரிவு. அவை அகன்று விரியும் இடம் சமதளம். கேனிக் கையின் கீழ்ப்பகுதியில், பழைய ஓடை வளைந்து வந்து ஒரு மேட்டின் அடியை உரசிக்கொண்டு திரும்பும் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே 30 அடியில் கிடக்கும் தரை, ஒரு படகு நீளத்துக்குள் 40 அடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வளைவின் வெளிப்பக்கத்தில்தான் ஓடை மண்ணை ஆழமாக அரித்திருக்கும். அந்தக் கரையோரத்தில்தான் ஒரு காலத்தில் பெரிய மரங்களும் வளர்ந்திருக்கும். ஆற்றோர மரம் உயரமாக வளர்வதை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

ஏன் ஓடைக்கரை? குளிர்காலத்தில் கிராப்பியின் முதன்மை இரையான ஷாட் என்னும் சிறுமீன் ஆழமான நீருக்கு இறங்கி, பழைய ஓடைப் பள்ளத்தைப் பாதையாகக் கொண்டு நகர்கிறது. கிராப்பி அந்தப் பாதையை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. கோடையில் இதே மரங்களின் அடிப்பகுதி பயனற்றுக் கிடக்கும். வெப்ப அடுக்கு உருவாகி, அதற்குக் கீழே உள்ள நீரில் ஆக்சிஜன் குறைந்துபோவதே காரணம். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்க, நீர் முழுவதும் கலந்துவிடும். அதன்பின் ஆழத்திலும் ஆக்சிஜன் கிடைப்பதால், மீன் தனக்கு வசதியான எந்த மட்டத்திலும் நிற்கலாம். அப்போது அது தரையில் ஒட்டிக்கொள்வதில்லை. 40 அடி நீரில் 20 அடி மட்டத்தில், ஒரு கவையையோ (தண்டிலிருந்து கிளை பிரியும் இடம்) கிளையையோ துணையாகக் கொண்டு மிதந்து நிற்கும். மரம் அதற்கு ஒரு நிலையான அடையாளம். இரை மேலே கடந்து செல்லும்போது நிழலிலிருந்து எழுந்து பிடிக்க வசதியான இடமும்கூட.

ஒப்பீட்டுக்காகவே முதலில் சமதளத்தில் நிற்கும் ஒரு மரக்கூட்டத்தில் தூண்டில் போட்டோம். வெளிப்பார்வைக்கு அதைவிட அழகான இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. 18 அடி நீரில் கிளை விரித்த உயர்ந்த மரங்கள் நெருக்கமாக நின்றன. இரண்டு படகுகள் ஏற்கெனவே அங்கே கட்டப்பட்டிருந்தன. தண்டோரத்திலும் கிளைகளின் இடையிலும் பல ஆழங்களில் மின்னோவை இறக்கிப் பார்த்தும் ஒரு கடிகூட இல்லை. சோனாரிலும் இரைமீன் கூட்டத்தின் புகைபோன்ற தடம் எங்கும் தென்படவில்லை. இரை இல்லாத இடத்தில் மரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஜனவரியில் அதனால் பயனில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு ஓடை வளைவுக்குச் சென்றோம்.

அங்கே நீருக்கு மேலே நிற்கும் மரங்கள் மிகச் சில. புதிதாக வருபவர்களை ஏமாற்றுவது இதுதான். நாற்பது ஆண்டுகள் நீரில் நின்ற மரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இற்றுப்போவதில்லை. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். இரண்டும் கிடைப்பது நீர்மட்டத்தை ஒட்டிய பகுதியில். அதனால் மரம் அங்கே நைந்து, ஒரு புயல்நாளில் அந்த இடத்தில் ஒடிந்து விழுகிறது. நீருக்கடியில் உள்ள தண்டோ காற்றில்லாமல் கெடாமல் நிற்கிறது. ஆகவே, மேலே ஒன்றும் தெரியாத வெறும் நீர்ப்பரப்புக்கு அடியில் 25 அடி உயரத் தண்டு கிளைகளோடு நின்றுகொண்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் மரத்தில் எல்லாரும் படகைக் கட்டுகிறார்கள். தெரியாத மரத்தை யாரும் தொந்தரவு செய்வதில்லை. அன்று எங்களுக்கு மீன் கொடுத்தவை பெரும்பாலும் இத்தகைய தலையற்ற மரங்களே.

அவற்றைக் கண்டுபிடிக்கச் சரிவின் விளிம்பையே பிடித்துக்கொண்டு, நடைவேகத்துக்கும் குறைவாகப் படகை நகர்த்தினோம். சோனார் திரையில் தரையிலிருந்து செங்குத்தாக எழும் தடித்த கோடு தண்டு. அதிலிருந்து சாய்வாகப் பிரிபவை கிளைகள். கிளை பிரியும் இடத்துக்குச் சற்று மேலே சிறு சிறு புள்ளிகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால், அந்த மரத்தின் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, படகை அதன் மேலே நிறுத்தாமல் விலகிச் சென்று, காற்றுக்கு எதிராகத் திரும்பி வந்தோம். காற்றை எதிர்த்து வந்தால் மோட்டாரின் பிடி தளர்ந்தாலும் படகு மரத்தைவிட்டு விலகித்தான் போகும். மரத்தின் மேல் மோதாது. குளிர்ந்த தெளிந்த நீரில் ஒரு மோதல் அந்தக் கூட்டத்தை அரைமணி நேரத்துக்குக் கலைத்துவிடும் என்பது என் அனுபவம்.

தூண்டிலில் புதுமை எதுவும் இல்லை. 10 அடிக் கழி, 10 பவுண்டு எடை தாங்கும் நரம்பு (தூண்டில் இழை), மெல்லிய கம்பியால் செய்த தூண்டில் முள், அதற்கு ஓரடி மேலே ஒரு சிறு ஈயக்குண்டு, முள்ளில் உதட்டோரம் கோத்த மின்னோ. கிராப்பிக்கு 10 பவுண்டு நரம்பு தேவையா என்று கேட்கலாம். மீனின் எடைக்காக அது வேண்டியதில்லை, மரத்துக்காக வேண்டும். முள் கிளையில் மாட்டும்போது நரம்பு அறாமல் தாங்கினால், மெல்லிய முள் வளைந்து விடுபட்டுவிடும். விரலால் அதை நிமிர்த்திக்கொண்டு மறுபடி இறக்கலாம். நரம்பை மெல்லியதாகவும் முள்ளைத் தடித்ததாகவும் வைத்தால், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முள்ளைக் காணிக்கை வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முதல் மீனை அக்கா மகன் பிடித்தான். அந்தத் தண்டின் கவை 22 அடியில் இருப்பதைச் சோனார் காட்டியிருந்தது. நரம்பை அவன் மெதுவாக விட்டுக்கொண்டே வந்தான். கழியின் நுனி இரண்டு முறை லேசாகத் துள்ளியது.

“மாமா, கிளை தட்டுது.”

“ரெண்டு அடி மேல தூக்கி அப்படியே வை. ஆட்டாத.”

அவன் தூக்கி நிறுத்தினான். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கழியின் நுனி கீழே இழுபடாமல், வளைவு நீங்கி மெல்ல நிமிர்ந்தது. நீர்ப்பரப்பில் நரம்பு தொய்ந்தது. கிராப்பியின் கண்கள் தலையின் மேற்பகுதியில் அமைந்தவை. அது தனக்கு மேலே இருப்பதைப் பார்த்து, எழும்பி வந்து கவ்வும். அப்படி எழும்போது ஈயக்குண்டின் பாரத்தையும் சேர்த்து மேலே கொண்டுவருவதால், கடி என்பது இழுப்பாக இல்லாமல் எடை மறைவதாகவே கையில் தெரிகிறது. இரை மீனுக்குக் கீழே இறங்கிவிட்டால் அது திரும்பியும் பார்ப்பதில்லை. அதனால்தான் கவைக்கு இரண்டு அடி மேலே நிறுத்தச் சொன்னேன். தொய்வு கண்டதும் கழியைச் சொடுக்கக் கூடாது. கிராப்பியின் வாயோரச் சவ்வு வெங்காயச் சருகைப்போல மெல்லியது; சொடுக்கினால் கிழிந்து முள் கழன்றுவிடும். கழியைச் சீராக உயர்த்தினாலே போதும், நீண்ட கழியின் வளைவு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வந்தது வெள்ளை கிராப்பி, முதுகுத்துடுப்பில் ஆறு முட்கள். கறுப்பு கிராப்பிக்கு அங்கே ஏழோ எட்டோ இருக்கும். நிறத்தைவிட இந்தக் கணக்கே நம்பத்தக்கது. இரண்டு வகையும் இந்த நீரில் உண்டு, சட்டமும் இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது.

இந்த நிகழ்வின் மிக முக்கியமான பகுதி அந்தச் சட்டத்தோடு தொடர்புடையது. டெக்சாஸில் கிராப்பிக்குப் பொதுவான விதி, 10 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், ஒரு நாளில் 25 மீனுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது. லேக் ஃபோர்க்கில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை இந்த நீள வரம்பு விலக்கப்பட்டு, நேர் எதிரான விதி நடப்பில் இருந்து வருகிறது: பிடித்த கிராப்பி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வைத்துக்கொண்டே ஆக வேண்டும், அது 25இல் ஒன்றாகக் கணக்கில் சேரும்.

முதலில் கேட்பவருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். அதன் காரணம் மீனின் காற்றுப்பையில் இருக்கிறது. நீரில் 33 அடி இறங்கினால் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல இரு மடங்காகிறது. அந்த ஆழத்தில் வாழப் பழகிய மீனைச் சில நொடிகளில் மேலே இழுத்தால், காற்றுப்பையில் உள்ள வாயு இரு மடங்காக விரிய முயல்கிறது. கிராப்பியின் காற்றுப்பைக்கும் உணவுக்குழலுக்கும் இடையே வழி இல்லை. வாயுவை வாயால் வெளியேற்ற அதனால் முடியாது. கண் பிதுங்கி, வயிறு புடைத்து, நீந்தி இறங்க முடியாமல் அது மேலேயே மிதக்கும். சிறிய மீன் என்று இரக்கப்பட்டு விடுவிப்பதால் அது பிழைப்பதில்லை. நாரைக்கும் பருந்துக்கும் போகிறது. எடுத்தவர் அதை உண்ணட்டும், அதோடு அவருடைய கணக்கும் குறையட்டும் என்கிறது விதி. மீன்வள நிர்வாகத்தில் நான் அறிந்த மிக நேர்மையான விதிகளில் இது ஒன்று. பிடித்து விடுவதே எப்போதும் அறம் என்ற பழக்கமான எண்ணத்தை அது உடலியலை வைத்துத் திருத்துகிறது.

இதனால் தூண்டில் போடும் முறையே மாறுகிறது. கோடையில் சிறியதை விட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். ஜனவரியில் தெரிவு செய்யும் உரிமை முள் நீரில் இறங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கிராப்பி பெரும்பாலும் ஒத்த அளவுள்ள கூட்டமாக நிற்கும். ஒரு மரத்தில் அடுத்தடுத்து உள்ளங்கை அளவு மீன் இரண்டு வந்தால், அங்கே கடி எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் அந்த மரத்தை விட்டு அகல்வது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். மூன்றாவது தண்டில் இது நேர்ந்தது. கடி ஓயவே இல்லை. இளைஞனுக்கு அங்கிருந்து கிளம்ப மனமில்லை. ஆனாலும் கிளம்பினோம். அடுத்த மரத்தில், ஓடைப் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து நின்ற ஒரு தண்டில், 12 அங்குலத்துக்கு மேற்பட்ட மீன்கள் இருந்தன. சாய்ந்த மரம் நேரான மரத்தைவிட மேலானது என்பதை அன்று பலமுறை கண்டோம். சாய்வின் அடியில் நிழல் தொடர்ச்சியாக விழுவதும், ஒரே மரத்தில் பல ஆழங்களில் கூரை கிடைப்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஆழத்தைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்தோம். சில தண்டுகளில் 35 அடிக்குக் கீழேயும் புள்ளிகள் தெரிந்தன. வைத்துக்கொள்ளும் விதி கிராப்பிக்கு மட்டுமே உரியது. அதே ஆழத்தில் பாஸும் நிற்கும். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை விட்டே தீர வேண்டும். 35 அடியிலிருந்து ஏற்றிய பாஸை விடச் சட்டம் சொன்னாலும், அது பிழைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனவே 25 அடிக்குக் கீழே இரையை இறக்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அதனால் சில மீன்கள் கிடைக்காமல் போயிருக்கலாம். அது சரியான விலை என்றே கருதுகிறேன்.

நேரலைச் சோனார் இருந்திருந்தால் எந்தத் தண்டில் மீன் நிற்கிறது என்பதைத் தொலைவிலிருந்தே பார்த்து, வெறும் மரங்களைக் கடந்து போயிருக்கலாம். ஆனால் 27,000 ஏக்கரில் எந்த ஓடை வளைவுக்குப் போவது என்பதை அந்தக் கருவியும் சொல்லாது. வரைபடம் படிப்பதற்கு அது மாற்றாகாது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, இத்தகைய நீரில் மிதவைகள் குறித்த படகுத் தடத்தைவிட்டு வேகமாக ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். நீர்மட்டத்தில் ஒடிந்த தண்டு, மேலே அலை இருக்கும்போது கண்ணில் படவே படாது. ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடலில் மாட்டிக்கொள்வதைச் சிறு படகுகளுக்கு டெக்சாஸ் 2019ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. 49 பாகை நீரில் விழுந்தவரின் கைகால்கள் சில நிமிடங்களிலேயே செயலிழக்கத் தொடங்கும். ஆகவே மிதவைச் சட்டையை மடித்து இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடம்பிலேயே அணிந்திருந்தோம்.

மதியத்துக்குப் பின் வெயில் ஏறியபோது மீன்கள் தண்டோடு ஒட்டிக்கொண்டன. காலையில் தண்டிலிருந்து மூன்றடி தள்ளி இறக்கினாலும் எழுந்து வந்தவை, இப்போது ஒரு சாண் விலகினாலும் அசையவில்லை. நரம்பு மரப்பட்டையை உரசும்படி இறக்க வேண்டியிருந்தது. முள் மாட்டுவதும் அதற்கேற்ப அதிகமானது. மேகம் மூடும் நாளில் இதற்கு நேர் மாறாக மீன் மரத்தைவிட்டு அலையும். நாள் வரம்பை நாங்கள் எட்டவில்லை. எட்ட வேண்டும் என்று விரட்டவும் இல்லை.

மீன் கிடைத்த தண்டுகளின் இடத்தோடு சேர்த்து, தரையின் ஆழம், கவையின் ஆழம், தண்டு சாய்ந்த திசை ஆகியவற்றையும் குறித்து வைத்திருக்கிறோம். அதோடு அன்றைய நீர்மட்டத்தையும் எழுத வேண்டும் என்பது பலர் விட்டுவிடும் செய்தி. இந்த நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 403 அடி. மழையும் வறட்சியும் அதைச் சில அடிகள் ஏற்றி இறக்கும்போது, 22 அடியில் இருந்த கவை 19 அடிக்கோ 24 அடிக்கோ மாறிவிடும். பழைய குறிப்பை மட்டும் நம்பி இறக்கினால் இரை மீனுக்குக் கீழே போய்விடும். எனவே கவையின் ஆழத்தை நீர்ப்பரப்பிலிருந்து எண்ணாமல், கடல்மட்ட அளவாக மாற்றி எழுதியிருக்கிறோம். அடுத்த முறை புறப்படுமுன் அன்றைய நீர்மட்டத்திலிருந்து அதைக் கழித்து, கவைக்கு மேலே நிறுத்த இரண்டு அடி குறைத்தால், நரம்பை எத்தனை அடி விட வேண்டும் என்பது கரையிலேயே தெரிந்துவிடும்.